மீன்கடையில் தொடங்கும் தசமக் கணக்கு

கிள்ளானிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை தடங்கலில்லாமல் சொல்கிறாள். தசமம் வந்தால் மட்டும் விடை தவறிவிடுகிறது. வீட்டிலேயே ஒரு கணக்குக் கொடுத்துப் பார்த்தாராம்: ஒரு கிலோ 18 வெள்ளிக்கு விற்கும் மீனில் 0.65 கிலோ வாங்கினால் எவ்வளவு? சிறுமி 65-ஐ 18-ஆல் பெருக்கி 1170 என்று சரியாகவே கண்டுபிடித்தாள். பிறகு புள்ளி வைத்தாள். 117.0 வெள்ளி! "எந்த விதியை நான் மறுபடியும் சொல்லித்தர வேண்டும்?" என்பது தாயின் கேள்வி.

விதி எதுவும் வேண்டாம், அம்மா. உங்கள் மகளுக்குப் பெருக்கத் தெரிகிறது. ஒரு முழுக் கிலோவே 18 வெள்ளிதான், தான் வாங்கியது அதற்கும் குறைவு என்ற நினைப்புத்தான் கணக்குப் போடும்போது அவளிடம் இல்லை. அதே பிள்ளையைச் சந்தைக்கு அழைத்துப் போங்கள். மீன்காரர் அரைக் கிலோ சொச்சத்துக்கு 117 வெள்ளி கேட்டால் அவள் பதறிப்போவாள். நோட்டில் அதே எண் விழுந்தபோது பதறவில்லை. நோட்டுக் கணக்கும் கைக்காசும் அவளுக்குள் இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்து வைப்பதுதான் நம் வேலை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளிகளில் கணிதம் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தசமத்தில் தவறும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பெருக்கலில் தவறுவதில்லை, அளவில் தவறுகிறார்கள்.

ஆகவே எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பழக்கம். பேனாவைத் தொடுவதற்கு முன் விடை எவ்வளவு இருக்கும் என்று வாயால் சொல்ல வேண்டும். 0.65 கிலோ என்றால் அரைக் கிலோவுக்கு மேல், முக்காலுக்குக் கீழ். 18-இல் அரை 9, முக்கால் 13.50. விடை இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. இதைச் சொல்லிவிட்ட பிள்ளை 1170 என்ற எண்ணைப் பார்த்ததும் 11.70 என்றுதான் எழுதும். 1.17-ம் 117-ம் அந்த இடைவெளிக்குள் நுழையவே முடியாது.

நம் பிள்ளைகளுக்கு இந்த நாட்டில் இன்னொரு சிரமமும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் அது தசமம். இடைநிலைப்பள்ளிக்குப் போனால் பெர்புலுஹான். 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறியபோது படித்த இன்றைய இளம் பெற்றோர்களுக்கு அது டெசிமல். வீட்டில் அப்பா ஒரு சொல், பள்ளியில் ஆசிரியர் ஒரு சொல், டியூஷனில் இன்னொரு சொல். இவை மூன்றும் ஒன்றுதான் என்று எத்தனை வீடுகளில் பிள்ளைக்கு வாய்விட்டுச் சொல்லியிருக்கிறோம்? இன்றே சொல்லிவிடுங்கள், ஒரு நிமிட வேலை.

அடுத்து, வாசிக்கும் முறை. 2.5 என்று கைப்பேசிக் கணிப்பான் காட்டினால் சில பிள்ளைகள் "ரெண்டு வெள்ளி அஞ்சு காசு" என்கிறார்கள். பெரியவர்களிலும் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். விலைச்சீட்டில் எப்போதும் 2.50 என்று இரண்டு இலக்கம் பார்த்துப் பழகிய கண் அது. கணிப்பான் கடைசிச் சுழியத்தைக் காட்டாது. புள்ளிக்கு அடுத்த இடம் பத்துக் காசு இடம், அதற்கடுத்தது ஒரு காசு இடம் என்று பணத்தை வைத்தே சொல்லிக்கொடுங்கள். 2.5 என்றால் ஐந்து பத்துக் காசு, 2.05 என்றால்தான் ஐந்து காசு. புள்ளிக்குப் பின் வருவதை "முப்பத்தைந்து" என்று சேர்த்துச் சொல்லாமல் "மூன்று ஐந்து" எனத் தனித்தனியாகச் சொல்லப் பழக்குவதும் நல்லது. சேர்த்துச் சொன்னால் 0.35 என்பது 0.5-ஐவிடப் பெரிது என்று தோன்றும். முப்பத்தைந்து ஐந்தைவிடப் பெரிதல்லவா!

சிறு பங்குகளைப் பெருக்குவது தமிழனுக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனப்பாடம் செய்த பிள்ளைகள் கால், அரை, முக்காலோடு நிறுத்தவில்லை. அரைக்கால் 1/8, வீசம் 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320 என்று இறங்கிப் போனார்கள். இந்தக் கீழ்வாய் இலக்கங்களை இன்றைய தசமத்தில் எழுதிப் பாருங்கள். மா என்பது 0.05. நம் வெள்ளியில் ஒரு மா என்றால் ஐந்து காசு. இன்று நம் சட்டைப்பையில் புழங்கும் மிகச் சிறிய நாணயம். காணி 0.0125. வீசம் 0.0625. இந்திய ரூபாய் 1957 ஏப்ரல் 1 வரை பதினாறு அணாவாக இருந்ததால் ஓர் அணா என்பதே ஒரு வீசம்தான். தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் பதினாறால் பிரித்த காசைக் கொடுத்துப் பழகிவிட்டு, இங்கே நூறால் பிரித்த வெள்ளியைக் கையில் வாங்கினார்கள். ஐரோப்பாவில் பத்தால் பிரிக்கும் முறையைக் கடைக்காரனும் நில அளவையாளனும் பயன்படுத்தலாம் என்று சைமன் ஸ்டெவின் என்ற கணிதவியலாளர் சிறு நூல் எழுதியது 1585-இல். அதைக் கணித மேதைகளுக்காக அவர் எழுதவில்லை, அன்றாடம் அளப்பவர்களுக்காக எழுதினார்.

இனி பெருக்கலுக்கு வருவோம். "இரண்டு எண்களிலும் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்று எண்ணி, விடையில் அத்தனை இலக்கம் விடு" என்ற விதி சரியானதுதான். ஆனால் ஏன் என்று தெரியாத விதி பரீட்சை முடிந்த மறுநாள் மறந்துபோகும். காரணத்தை ஒரு கட்டத்தாளில் காட்டிவிடலாம். பத்துக்குப் பத்து, மொத்தம் நூறு கட்டம் உள்ள ஒரு சதுரம் வரையுங்கள். அந்தச் சதுரம் முழுதும் ஒன்று. 0.3 × 0.4 வேண்டுமா? நெடுக்கில் மூன்று வரிசை, குறுக்கில் நான்கு வரிசை. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடத்தில் பன்னிரண்டு கட்டம். நூறில் பன்னிரண்டு, அதாவது 0.12. பத்தில் ஒன்றை மறுபடியும் பத்தாகப் பிரித்தால் நூறில் ஒன்று கிடைக்கிறது. அதனால்தான் ஓர் இலக்கமும் ஓர் இலக்கமும் சேர்ந்து இரண்டு இலக்கம் ஆகிறது. 1.2 என்று எழுதிய பிள்ளையிடம் "முழுச் சதுரத்தைவிடப் பெரிதாகவா வந்தது?" என்று கேட்டால் போதும். அதே தாளில் காலில் கால் வரைந்து காட்டுங்கள். 0.25 × 0.25 = 0.0625. எண்சுவடி படித்த கொள்ளுத்தாத்தா இதை வீசம் என்றிருப்பார்.

இங்கேதான் மிகப் பெரிய தவறான நம்பிக்கை உடைகிறது. பெருக்கினால் பெரிதாகும், வகுத்தால் சிறிதாகும் என்று மூன்றாம் ஆண்டிலிருந்தே பிள்ளை நம்பி வந்திருக்கிறது. முழு எண்களில் அது பெரும்பாலும் பொய்க்கவும் இல்லை. ஒன்றுக்குக் குறைந்த எண்ணால் பெருக்கினால் சிறிதாகும், வகுத்தால் பெரிதாகும் என்பதை நாம் யாரும் உட்கார வைத்துச் சொன்னதில்லை. 117 வெள்ளி வந்ததற்கு ஒரு காரணம் இதுவாகவும் இருக்கலாம். பெருக்கல்தானே, 18-ஐவிடப் பெரிதாகத்தானே வர வேண்டும் என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கலாம்.

கோழிக்கடைக் கணக்கு ஒன்று பார்ப்போம். 2022 ஜூலையிலிருந்து 2023 அக்டோபர் வரை தீபகற்பத்தில் சாதாரணக் கோழியின் உச்சவரம்பு விலை கிலோவுக்கு 9.40 வெள்ளி. 1.85 கிலோ கோழி எடுத்திருந்தால்? முதலில் மதிப்பீடு: கிட்டத்தட்ட 2 கிலோ, கிலோ 9 சொச்சம், 18 வெள்ளியை ஒட்டி வரும். பிறகு புள்ளியை மறந்துவிட்டு 185 × 94 = 17390. 18-ஐ ஒட்டி வர வேண்டுமென்றால் 17.390, அதாவது 17.39. பணமாகக் கொடுத்தால் 17.40 ஆகிவிடும். 2008 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் ஒரு காசு நாணயம் புழக்கத்தில் இல்லை. ரொக்கத்தில் மொத்தத் தொகையை அருகிலுள்ள ஐந்து காசுக்குச் சரிக்கட்டுகிறார்கள். 1, 2 என்று முடிந்தால் கீழே. 3, 4, 6, 7 எல்லாம் 5-க்கு. 8, 9 மேலே பத்துக்கு. அட்டையிலோ இ-வாலட்டிலோ கட்டினால் 17.39-ஏதான். ரசீதில் வரும் இந்த ஓரிரு காசு வித்தியாசத்தைப் பிள்ளையிடம் காட்டி ஏன் என்று கேளுங்கள். சரிக்கட்டுதல் என்ற பாடம் அங்கேயே முடிந்துவிடும். சரிக்கட்டுவது மொத்தத்துக்குத்தான், ஒவ்வொரு பொருளுக்கும் அல்ல. பிள்ளைகள் நடுவிலேயே சரிக்கட்டித் தவறு செய்வதும் உண்டு.

எண்ணெய் நிலையத்தில் இன்னும் எளிய வழி இருக்கிறது. 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய பூடி95 திட்டத்தில் மலேசியர்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளி என்று வைத்தார்கள். 28.6 லிட்டர் ஊற்றினால் என்ன ஆகும் என்று 199-ஆல் பெருக்கத் தேவையில்லை. இரண்டு வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 57.20. லிட்டருக்கு ஒரு காசு அதிகமாகக் கணக்கிட்டோம், 28.6 காசைக் கழித்தால் 56.91 சொச்சம். நம் சந்தை ஆச்சிமார்கள் காலங்காலமாக மனத்தில் போடும் கணக்கு இதுதான். இதைக் குறுக்கு வழி என்று ஒதுக்கும் ஆசிரியர்கள் உண்டு. என்னைக் கேட்டால் இதுதான் தசமம் புரிந்ததற்கு அடையாளம்.

வகுத்தலில் பிள்ளைகள் இன்னும் அதிகம் தடுமாறுகிறார்கள். அதற்கு ஒரு பகுதிக் காரணம் நாம்தான். வகுத்தல் என்றாலே "பேருக்குப் பகிர்ந்து கொடு" என்று சொல்லி வளர்த்தோம். ஆறு கிலோ மாவை மூன்று பேருக்குப் பகிரலாம். 0.25 பேருக்கு எப்படிப் பகிர்வது? கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். ஆறு கிலோ மாவில் கால் கிலோப் பொட்டலம் எத்தனை போடலாம்? ஒரு கிலோவுக்கு நான்கு, ஆறு கிலோவுக்கு இருபத்து நான்கு. 6 ÷ 0.25 = 24. பொட்டலம் சிறிதாக ஆக எண்ணிக்கை கூடும் என்பது தீபாவளிக்கு முறுக்கு கட்டிக் கொடுத்த வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாததா?

"வகுக்கும் எண்ணில் புள்ளியைத் தள்ளு, அதே அளவு மற்ற எண்ணிலும் தள்ளு" என்ற விதிக்கும் நம் ஊர்ப் பணத்திலேயே காரணம் இருக்கிறது. 50 வெள்ளிக்கு 1.99 விலையில் எத்தனை லிட்டர் வரும்? வெள்ளியை எல்லாம் காசாக்குங்கள். 5000 காசு, லிட்டருக்கு 199 காசு. 5000 ÷ 199, இருபத்தைந்துக்குக் கொஞ்சம் மேல், 25.13 லிட்டர். புள்ளியை இரண்டு இடம் தள்ளியது மந்திரம் அல்ல. இரண்டு பக்கத்தையும் வெள்ளியிலிருந்து காசுக்கு மாற்றினோம், அவ்வளவுதான். ஒரு பக்கத்தை மட்டும் காசாக்கி மறுபக்கத்தை வெள்ளியாகவே விட்டால் விடை நூறு மடங்கு தவறும். "இரண்டு பக்கமும் காசு" என்ற மூன்று சொல்லை நினைவில் வைத்த பிள்ளை அந்த விதியை மறக்காது.

இதில் குடும்பத்துக்கு நேரடி லாபம் தரும் கணக்கு, பொட்டல விலையைக் கிலோ விலையாக்குவது. 450 கிராம் காப்பித்தூள் 12.15 வெள்ளி, பக்கத்தில் ஒரு கிலோ 28 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். எது மலிவு? 12.15 ÷ 0.45 என்பதை 1215 ÷ 45 ஆக்கினால் 27. சிறிய பொட்டலமே மலிவு. பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்று நினைத்து நாம் தள்ளுவண்டியை நிரப்புகிறோம்; ஒவ்வொரு முறையும் அது உண்மையாக இருப்பதில்லை. விலையை எடையால்தான் வகுக்க வேண்டும். எடையை விலையால் வகுத்தால் ஒரு வெள்ளிக்கு எத்தனை கிலோ என்று வரும். அதுவும் பயனுள்ள விடைதான், ஆனால் கேட்ட கேள்விக்கு அல்ல. எதை எதால் வகுப்பது என்ற குழப்பம் வந்தால் "ஒரு கிலோவுக்கு எத்தனை வெள்ளி" என்று விடையைத் தமிழில் முழுதாகச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லும்போதே எது முதலில் என்று புரிந்துவிடும்.

வகுத்தலில் இன்னொரு குழி, நடுவில் தொலையும் சுழியம். ஆறு நண்பர்கள் ரொட்டி சானாயும் தே தாரேவும் சாப்பிட்டு 24.30 வெள்ளி வந்தது. ஆளுக்கு எவ்வளவு? 24-இல் ஆறு நான்கு முறை, 3-இல் ஆறு போகாது, 30-இல் ஐந்து. போகாத இடத்தில் சுழியம் போடாமல் 4.5 என்று எழுதிவிடுகிறார்கள். சரியான விடை 4.05. சோதிக்கத் திருப்பிப் பெருக்கினால் போதும்: 4.50 × 6 = 27. பில்லைவிட அதிகம். வகுத்த ஒவ்வொரு கணக்கையும் பெருக்கிச் சரிபார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், திருத்துவதற்கு ஆசிரியர் தேவையில்லை.

பெரியவர்களும் சறுக்கும் இடங்கள் சில உண்டு. மின்கட்டணத்தைப் பாருங்கள். 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டணத்தில், மாதம் 1,500 யூனிட் வரை உபயோகிப்பவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு எரிசக்திக்கு 27.03, திறனுக்கு 4.55, கட்டமைப்புக்கு 12.85 என்று மூன்றும் சேர்த்து 44.43. இவை காசு, வெள்ளி அல்ல. வெள்ளியில் அது 0.4443. மாதம் 250 யூனிட் ஓடினால் 250 × 0.4443 = 111.075, இதிலிருந்து சலுகைகள் கழியும். 44.43 என்று கண்ணில் பட்டதும் அப்படியே பெருக்கினால் பதினோராயிரம் வரும். காசும் வெள்ளியும் ஒரே தாளில் கலந்து வரும் இடத்தில் முதலில் எல்லாவற்றையும் வெள்ளியில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிரிக்பீல்ட்ஸில் ஊருக்குப் பணம் மாற்றப் போகிறவர்களுக்கு: பலகையில் இந்திய ரூபாயை நூறு ரூபாய்க்கு இத்தனை வெள்ளி என்று எழுதும் வழக்கம் உண்டு. அன்றைக்கு 4.85 என்று வைத்துக்கொள்வோம். 1,500 வெள்ளிக்கு எத்தனை ரூபாய்? பெருக்கக் கூடாது, 1500 ÷ 4.85 என்று வகுத்தால் எத்தனை நூறு ரூபாய் என்று வரும். மதிப்பீடு: ஐந்தால் வகுத்தால் 300 நூறு, அதாவது 30,000, வகுப்பது ஐந்துக்குக் குறைந்த எண் என்பதால் அதைவிடக் கொஞ்சம் கூடும். சரியான விடை 30,928-ஐ ஒட்டி. இந்த மதிப்பீட்டை வரிசையில் நிற்கும்போதே போட்டுவிடலாம். கையில் வாங்கும் பணக்கட்டில் குறைவு இருந்தால் உடனே கேட்க முடியும்.

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் நகை வாங்கும்போது 916 என்ற முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் தசமம்தான், 0.916. இருபத்து நான்கு காரட்டில் இருபத்திரண்டு பங்கு. 12.35 கிராம் சங்கிலியில் சுத்தத் தங்கம் 12.35 × 0.916, ஏறக்குறைய 11.31 கிராம். பவுனில் கேட்டால் 12.35 ÷ 8, ஒன்றரைப் பவுனுக்குச் சற்று மேல். கூலியைக் கிராமுக்கு இத்தனை என்று சொல்கிறார்களா, மொத்தத்துக்கா என்று கேட்டுக்கொண்டு பிறகு பெருக்குங்கள்.

சம்பளம் வாங்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு விழுக்காடு என்பது நூறில் பங்கு, அதாவது இரண்டு இலக்கத் தசமம் என்பதைத் தெளிவாக்கிவிட்டால் போதும். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. அதில் தொழிலாளி செலுத்தும் சேமநிதி 11 விழுக்காடு, 1700 × 0.11 = 187. உணவகத்தில் 6 விழுக்காடு சேவை வரி என்றால் 1.06-ஆல் ஒரே முறை பெருக்கலாம்: 38.50 × 1.06 = 40.81. 0.06-ஐ 0.6 என்று எழுதுவதுதான் இங்கே வழக்கமான தவறு. 38.50-க்கு வரி மட்டும் 23.10 வெள்ளி வந்தால் யாருக்கும் உறைக்க வேண்டும்.

கணிப்பானைப் பிடுங்கி வைக்காதீர்கள். மதிப்பீட்டைச் சொன்ன பிறகுதான் அதைத் தொடலாம் என்று மட்டும் வீட்டில் ஒரு சட்டம் போடுங்கள். பயிற்சி நூல்களில் ஒரே மாதிரி நாற்பது கணக்கு போடுவதைவிட, குளிர்பெட்டியின் மேல் சேரும் ரசீதுகளில் ஒன்றை எடுத்து, மொத்தத்தை விரலால் மறைத்துக்கொண்டு பிள்ளையைக் கேட்பது பலன் தரும். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். தவறாகச் சொன்னால் உடனே "தப்பு" என்று வெட்டாமல், "இவ்வளவு காசு நீ கொடுப்பியா?" என்று கேளுங்கள். தாமே திருத்திக்கொள்வார்கள்.

கிள்ளான் தாய்க்கு ஒரு வார்த்தை. இந்தச் சனிக்கிழமை மீன் வாங்கப் போகும்போது மகளையும் அழைத்துப் போங்கள். தராசில் எடை தெரிந்ததும், கடைக்காரர் விலை சொல்வதற்கு முன், அவள் ஒரு தொகை சொல்லட்டும். ஒரு வெள்ளி முன்பின் இருந்தாலும் பரவாயில்லை. பிறகு பணத்தை அவள் கையில் கொடுத்து, மீதியை எண்ணி வாங்கும் பொறுப்பையும் அவளிடமே விட்டுவிடுங்கள்.